காசு வாங்கத் தெரிந்த கணக்குப்பிள்ளை

அக்காவுக்குப் பல் கட்ட வேண்டும். கீழ்வரிசையில் நாலு, மேலே இரண்டு. பல் டாக்டர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, “ஐடி ரீஃபண்டு வரட்டும் டாக்டர், அப்புறம் பாத்துக்கலாம்” என்று எழுந்து வந்துவிட்டாள். மூன்று மாதமாக முறுக்கைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்கிறாள். ரீஃபண்டு வரும் என்று அவளிடம் சொன்னவன் நான். என்னிடம் சொன்னது ஒரு மென்பொருள். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் வழக்குப் போட அவர்களிடம் வசதி இருக்கிறது. வாய்தாவுக்குப் போக என்னிடம் லீவு இல்லை.

அக்கா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அரசு உதவி பெறும் பள்ளி. தேர்வுநிலை ஊதியம் கொடுக்கிற இடத்தில் 2010-11இல் ஏதோ ஒரு கையெழுத்து விட்டுப்போய், ஆறு வருடம் மாதாமாதம் சம்பளத்தில் ஒரு துண்டு விழுந்துகொண்டே இருந்தது. அவளும் மனுமேல் மனுவாக எழுதிப் போட்டாள். பணியில் இருக்கும்போது வரவில்லை. ஓய்வுபெற்று, பேத்தி எல்.கே.ஜி. சேர்ந்த பிறகு, 2024 டிசம்பரில் மொத்த அரியரும் ஒரே நாளில் வந்தது: 4,80,000 ரூபாய்.

ஆறு வருடம் சொட்டுச் சொட்டாக வந்திருக்க வேண்டிய பணம் ஒரே வருடத்தில் கொட்டினால், வரியும் கொட்டும். அவளுடைய பென்ஷன் மாதம் 60,000. அது மட்டும் என்றால் அந்த வருடக் கணக்குப்படி, நிலையான கழிவு 75,000 போக மீதி 7 லட்சத்துக்குள் அடங்கிவிடும். புதிய வரிமுறையில் பைசா வரி கிடையாது. அரியர் சேர்ந்ததும் 71,500 ரூபாய் வரி. அதைக் கையோடு பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள்.

இந்த அநியாயம் சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. அதற்காகத்தான் பிரிவு 89 என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அரியர் எந்தெந்த வருடத்துக்கு உரியதோ, அந்தந்த வருடத்திலேயே வந்திருந்தால் எவ்வளவு வரி கட்டியிருப்பீர்கள் என்று கணக்குப் போடவேண்டும். இப்போது கூடுதலாகப் பிடித்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்கலாம். அக்காவுக்கு அந்தந்த வருடத்தில் பத்து சதவீதமும் கல்வி வரியும்தான் வந்திருக்கும்; 49,440. ஆக, திரும்ப வரவேண்டியது 22,060 ரூபாய். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். எனக்கும் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் நான்தான் டிகிரியில்லாத ஆடிட்டர். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன் என்பதால் தலையில் விழுந்த பதவி. ஆடி பிறந்தால் ஊரில் கூழ் ஊற்றுவார்கள். என் வீட்டில் ஃபார்ம் 16 வந்து விழும். மாமனார், மச்சினன், எதிர்வீட்டு ரயில்வேக்காரர் என்று ஏழெட்டுப் பேருக்கு நான் ரிட்டர்ன் போடுகிறேன். கூலி, காபி. 2025இல் கெடுவை ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளிவைத்ததால் ஆடி போய் ஆவணிக் கடைசி வரை இழுத்தது. பிறகு பதினைந்தாம் தேதி நள்ளிரவு நெருங்குகையில் இன்னும் ஒரே ஒரு நாள், பதினாறு வரை, என்று அறிவித்தார்கள். சீட்டுக் கம்பெனிகூட இதைவிடக் கொஞ்சம் முன்னாடிச் சொல்லும்.

அரசாங்கத் தளத்திலேயே இலவசமாகப் போடலாமே, எதற்குத் தனியார் மென்பொருள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மற்றவர்களுக்கெல்லாம் அங்கேதான் போடுகிறேன். சம்பளமோ பென்ஷனோ மட்டும் உள்ளவர்களுக்கான படிவத்துக்கு ‘சகஜ்’ என்று பெயர். சிறு வியாபாரிகளுக்கானது ‘சுகம்’. இந்தியில் எளிது என்கிற அர்த்தத்தில் வைத்திருக்கிறார்கள். தமிழில் சகஜம் என்றால், இதெல்லாம் நடப்பதுதான், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று பொருள். நானும் அப்படியே பழகிவிட்டேன். ஆனால் அக்காவின் கணக்கில் அரியர் இருந்தது. ஆறு வருடத்துப் பழைய விகிதங்கள் இருந்தன. பயந்துவிட்டேன். அந்தச் சமயம் பார்த்துக் கைப்பேசியில் ஒரு விளம்பரம்: ஏழே நிமிடத்தில் ரிட்டர்ன், ஆடிட்டர் வேண்டாம், அலைச்சல் வேண்டாம், முற்றிலும் இலவசம், உங்கள் மொழியிலேயே.

செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன்.

உங்கள் மொழியிலேயே என்றார்களே, அதை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ் என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். வருமான இனங்களை ‘வருமானத் தலைகள்’ என்று காட்டியது. ‘சம்பளத் தலை’, ‘வீட்டுச் சொத்துத் தலை’ என்று வரிசையாகத் தலைகள். நட்டத்தைச் சரிக்கட்டுகிற இடத்தில் ‘செட் ஆஃப்’ என்பதை ‘இழப்புடன் புறப்படு’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்கிற பெரிய பச்சைப் பொத்தானில் ‘திரும்பிப் போ’ என்று இருந்தது. அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். மீண்டும் ஆங்கிலத்துக்கு மாறினேன்.

அரியர் உண்டா என்று கேட்டது. உண்டு என்றேன். எந்தெந்த வருடத்துக்கு? சொன்னேன். ஒவ்வொரு வருடத்துக்கும் அப்போதைய வருமானம் என்ன, கட்டிய வரி என்ன? இங்கேதான் அக்காவின் பெருமையைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடுபோல ஒவ்வொரு வருடத்து ஃபார்ம் 16ஐயும் டிரங்குப் பெட்டியில் நூல் கட்டி வைத்திருந்தாள். பிப்ரவரி மாதச் சம்பளம் முழுக்க வரிக்கே போய்விடும் தலைமுறை அது. எந்த வருடம் பிப்ரவரியில் கையில் எவ்வளவு வந்தது என்று மனப்பாடமாகவே சொல்வாள். அவள் போனில் வாசிக்க, நான் கட்டம் கட்டமாக நிரப்பினேன். ஏழு நிமிடம் அல்ல, இரண்டரை மணி நேரம். பரவாயில்லை. கடைசியில் திரையில் கலர் கலராகக் காகிதத் துணுக்குகள் பறந்தன. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மேல் தூவுவார்களே, அதுபோல. நடுவில் பெரிய எழுத்தில்: வாழ்த்துகள், உங்கள் ரீஃபண்டு 22,060 ரூபாய்.

அக்காவுக்குச் சொன்னேன். “பல்லைக் கட்டிரலாம்டா” என்றாள்.

துணுக்குகள் பறந்து அடங்கியதும் அடுத்த திரை வந்தது. உங்கள் கணக்கில் அரியர் இருப்பதால் இலவசத் திட்டம் பொருந்தாது. அரியர் உள்ளவர்களுக்கான சிறப்புத் திட்டத்துக்கு மாறவும், 1,499 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இந்த இடத்தைக் கவனமாக மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். அரியர் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். தெரிந்ததால்தான் காசு கேட்டது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து நிரப்பியதை விட்டுவிட்டு எழுந்துபோக எவனுக்கு மனசு வரும்? அந்த மனசை நம்பித்தான் காசு கேட்கிற திரையை முதலில் வைக்காமல் கடைசியில் வைத்திருக்கிறார்கள். கட்டினேன்.

இலவசம் என்ற சொல்லை வைத்து வரி மென்பொருள் செய்கிற வித்தை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் டர்போடாக்ஸ் என்கிற மென்பொருளை நடத்தும் இன்ட்யூட் நிறுவனம், இலவசம் என்று கூட்டிவந்து காசு வாங்கியது என்ற புகாரில், 2022இல் ஐம்பது மாநிலங்களோடும் சமரசம் செய்துகொண்டு 14 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சுமார் 44 லட்சம் பேருக்குப் பணம் போனது. அங்கே மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் சேர்ந்து கேட்டார்கள். இங்கே நான் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பணம் கட்டியதும் ஆதார் ஓடிபி. ரிட்டர்ன் போட்டால் போதாது. அதை முப்பது நாளுக்குள் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் போட்டதாகவே கணக்கில் வராது. ஓடிபி அக்காவின் போனுக்குப் போனது.

“அக்கா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு.”

“ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க.”

“நான் உன் தம்பி.”

“யாரு கேட்டாலும்னுதான்டா சொன்னாங்க.”

மூன்றாவது ஓடிபியில் இறங்கி வந்தாள். ஒவ்வொரு எண்ணாக, டிக்டேஷன் போடுகிற நிதானத்தில் சொன்னாள். முடிந்தது. அந்த வருடம் செப்டம்பர் 15 வரை ரிட்டர்ன் போட்ட 7.3 கோடிப் பேரில் அக்காவும் ஒருத்தி.

தீபாவளி போனது. நவம்பர் இரண்டாம் வாரம் வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து மெயில் வந்தது. 143(1) அறிவிப்பு. இந்தக் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல், பான் எண் சின்ன எழுத்தில், தொடர்ந்து பிறந்த தேதி. திறந்தால் இரண்டு பத்தி இருக்கும். ஒன்று, நீங்கள் சொன்ன கணக்கு. பக்கத்தில், அவர்கள் போட்ட கணக்கு. இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன். எல்லாம் பொருந்தியது. பிரிவு 89 வரியில் எங்கள் பத்தியில் 22,060. அவர்கள் பத்தியில் பூஜ்யம். கீழே காரணம்: படிவம் 10இ இணையத்தில் தாக்கல் செய்யப்படாததால் நிவாரணம் அனுமதிக்கப்படவில்லை.

இதுதான் அந்த நிபந்தனை. பிரிவு 89இல் நிவாரணம் கேட்பவர், ரிட்டர்னைப் போடுவதற்கு முன்னால், 10இ என்ற தனிப் படிவத்தை வருமான வரித் தளத்தில் போட வேண்டும். பத்து வருடமாக இருக்கிற விதி. அந்தப் படிவத்தில் என்ன கேட்பார்கள் என்று பிறகு போய்ப் பார்த்தேன். எந்தெந்த வருடத்து அரியர், அந்தந்த வருடத்து வருமானம், அப்போது வந்த வரி, இப்போது கூடும் வரி. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து அந்த மென்பொருளுக்கு நான் இரண்டரை மணி நேரம் ஊட்டிவிட்ட அதே எண்கள்! கட்டத்துக்குக் கட்டம் அதே வரிசை. 10இ படிவத்தைப் பார்த்துத்தான் திரையையே வடிவமைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள், கணக்குப் போட்டார்கள், துணுக்கு தூவினார்கள், 1,499 வாங்கினார்கள். ‘10இ போட்டீர்களா?’ என்று ஒரு வரி கேட்கவில்லை. ஒரே ஒரு வரி.

என் தப்பு இல்லையா? உண்டு. சட்டம் தெரியாது என்பது சாக்கு அல்ல. ஆனால் சட்டம் தெரியாதவன்தானே காசு கொடுத்துக் கணக்குப்பிள்ளை வைக்கிறான்? கணக்குப்பிள்ளை எண்களைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, மனுவை ஒட்ட மறந்துவிட்டு, ‘நீங்கதான் கேக்கலையே’ என்றால் அவனை நம் ஊரில் என்ன செய்வோம்?

சரி, உதவிக்குக் கூப்பிடலாம் என்று போனேன். போன் நம்பர் எங்கேயும் இல்லை. தலையில் ஹெட்போன் மாட்டிச் சிரிக்கிற பெண் படம் ஒன்று மூலையில் இருந்தது. அமுக்கினால் அவள் பேசுவதில்லை, ஒரு இயந்திரம் பேசுகிறது. உங்களுக்கு எப்படி உதவட்டும் என்று நாலு பொத்தான். பணம் செலுத்துவதில் சிக்கல். ரசீது வேண்டும். திட்டத்தை உயர்த்த வேண்டும். நண்பரை அறிமுகப்படுத்தி 100 ரூபாய் பெற வேண்டும். ‘உங்களால் என் ரீஃபண்டு போய்விட்டது’ என்று ஐந்தாவது பொத்தான் இல்லை. எழுதிப் பார்த்தேன். ரீஃபண்டு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, ‘ரீஃபண்டு வர நாலைந்து வாரம் ஆகும், பொறுமைக்கு நன்றி’ என்றது. வராது என்று அறிவிப்பே வந்துவிட்டது என்றேன். ‘அறிவிப்பு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. நோட்டீஸ் உதவித் திட்டம், 2,499 ரூபாய்.

நன்றாகப் பாருங்கள். வைத்தியர் கொடுத்த மருந்தால் வயிற்றுவலி வந்தது. வயிற்றுவலிக்கு அவரிடமே தனி ஃபீஸ். அதுவும் முந்தைய ஃபீஸைவிட ஆயிரம் கூட.

மனிதரோடு பேச வேண்டும் என்று ஏழெட்டு முறை விதவிதமாக எழுதிய பிறகு ஒரு டிக்கெட் எண் வந்தது. எங்கள் ஊரில் ஒருத்தர் டிக்கெட் வாங்கிவிட்டார் என்றால் வேறு அர்த்தம். இதுவும் கிட்டத்தட்ட அதேதான். 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம் என்றார்கள். 47ஆவது மணி நேரத்தில் மெயில் வந்தது: உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டு டிக்கெட் மூடப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? தீர்ந்த விவரம் எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது, பெங்களூருக்கும் தெரியாது. மூன்று டிக்கெட் இப்படித் திறந்து மூடினார்கள். நாலாவதில் ஒரு பெண் கூப்பிட்டாள். முதலில் இந்தி. பிறகு ஆங்கிலம். நான் தடுமாறுவதைப் பார்த்து அவளே தமிழுக்கு வந்தாள். குரலில் கோயம்புத்தூர்ப் பக்கம் தெரிந்தது.

“சொல்லுங்க சார், எந்த வருசத்துக்குப் போட்டீங்க?”

“2024-25.”

“சார், 2024-25ல உங்க அக்காவுக்கு அரியரே காட்டலையே?”

அரியர் வந்த வருடம் 2024-25. அதற்கு ரிட்டர்ன் போடுகிற வருடம் 2025-26. அதை மதிப்பீட்டு ஆண்டு என்பார்கள். நான் பணம் வந்த வருடத்தைச் சொல்ல, அவள் அதற்கு முந்தைய வருடத்து ரிட்டர்னைத் திறந்து வைத்துக்கொண்டு தேடியிருக்கிறாள். இருவரும் கால் மணி நேரம் வேறு வேறு வருடத்தில் நின்று பேசினோம். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் வருடத்துச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம், 536 பிரிவுகளோடு. அதில் இந்த இரட்டை வருடத் தொல்லையை ஒழித்து ‘வரி ஆண்டு’ என்று ஒன்றே வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். என் கால் மணி நேரம் திரும்பி வராது.

வருடம் பொருந்தியதும் 10இ பற்றிக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு 10இ என்றால் என்னவென்று தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். முன்னால் இருக்கிற திரையில் எழுதியிருப்பதைத்தான் அவள் வாசிக்க முடியும். அந்தத் திரையை எழுதியவருக்கும் 10இ நினைவில்லை என்பதுதானே என் புகாரே! “சீனியர் வரி நிபுணரை லைன்ல எடுக்கிறேன் சார்” என்று பாட்டுப் போட்டுவிட்டுப் போனாள். பதினெட்டு நிமிடம் பாட்டு. நிபுணர் வந்தார். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது:

“என்ன சார், 89 கிளெய்ம் பண்றவங்க 10இ போடணும்னு தெரியாதா?”

“எனக்குத் தெரியாது. உங்க சாஃப்ட்வேருக்குத் தெரியுமா?”

“கேள்வி-பதில் பக்கத்துல தெளிவா போட்டிருக்கோம் சார். முப்பத்தேழாவது கேள்வி.”

அன்று ராத்திரி போய்ப் பார்த்தேன். இருக்கிறது. முப்பத்தேழாவது கேள்வி. அதற்கு முந்தைய கேள்வி, மென்பொருளின் சின்னத்தைக் கைப்பேசித் திரையில் எப்படி வைத்துக்கொள்வது என்பது.

கட்டிய 1,499ஐயாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். ரிட்டர்ன் வெற்றிகரமாகத் தாக்கல் ஆகிவிட்டதால் சேவை முழுமையடைந்துவிட்டது, கொடுக்க முடியாது என்றார். நிபந்தனைகளைப் படித்தீர்களா என்றும் கேட்டார். படித்தேன். முதல் முறையாக. கணக்குத் துல்லியம் என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பவர்கள், உள்ளே பொடி எழுத்தில், துல்லியத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, எந்த இழப்புக்கும் எங்கள் கடமை நீங்கள் கட்டிய கட்டணத்துக்கு மேல் போகாது என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டணத்தையும் கொடுக்க முடியாது என்பதுதான் நிபுணர் சேர்த்த திருத்தம். ரிட்டர்னின் கடைசியில் உறுதிமொழி கொடுத்திருப்பது அக்கா: எனக்குத் தெரிந்தவரையில் இதில் உள்ளவை சரியானவை, முழுமையானவை. வாழ்க்கையில் ஒரு மாணவனுக்கு அரை மார்க் கூட்டிப் போடாதவள்.

மென்பொருள் திரையில் ஒரு கட்டம் இருந்தால் அது சட்டம், இல்லையென்றால் சட்டமே இல்லை என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோம். துறையின் சொந்த மென்பொருளிலேயே இது நடந்திருக்கிறது. 2024 ஜூலை 5ஆம் தேதி அதில் ஒரு மாற்றம் செய்தார்கள். புதிய வரிமுறையில் இருப்பவர்கள், பங்கு விற்ற குறுகியகால லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்குப் பிரிவு 87ஏ தள்ளுபடியைக் கேட்கவே முடியாதபடி கட்டத்தைப் பூட்டிவிட்டார்கள். நாலாம் தேதி போட்டவர் கேட்க முடிந்ததை ஆறாம் தேதி போட்டவர் கேட்க முடியவில்லை. இடையில் நாடாளுமன்றம் கூடிச் சட்டத்தை மாற்றவில்லை; மாறியது நிரல் மட்டும். வரி ஆலோசகர்களின் அமைப்பு ஒன்று பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் கெடுவை 2025 ஜனவரி 15 வரை நீட்டினார்கள். பிறகு இறுதி உத்தரவும் வந்தது. தள்ளுபடி உண்டா இல்லையா என்பதை அதிகாரி முடிவு செய்யட்டும், கேட்கிற வழியையே மென்பொருள் அடைக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு கட்டத்தைத் திறக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அரசாங்கத் தளத்தையாவது கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று புதிய தளத்தைத் திறந்து, திறந்த நாள் முதல் அது படுத்துக்கொண்டபோது, அதைக் கட்டிய இன்ஃபோசிஸின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக்கை ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நேரில் வரவழைத்துக் கேட்டார். 4,242 கோடி ரூபாய்த் திட்டம், கேட்காமல் விடுவாரா? கெடு அந்த வருடம் டிசம்பர் 31 வரை போனது. என் 1,499 ரூபாய்க்கு எந்த அமைச்சர் வருவார்?

அலுவலகத்தில் புலம்பினேன். ஒருவர், மதுரை பீபிகுளத்தில் வருமான வரி ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், போய்ப் பார் என்றார். ஒரு சனிக்கிழமை போனேன். மாடிப்படிக்குக் கீழே பத்துக்கு எட்டு அறை. மேஜையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதைவிடப் பழைய டைப்ரைட்டர் ஒன்று துணி போர்த்தி. காகிதத்தில் ரிட்டர்ன் எழுதி, ஜூலைக் கடைசியில் கவுண்டர் கவுண்டராக நின்று சீல் வாங்கிய காலத்திலிருந்து இருப்பவர். அக்காவின் ஃபார்ம் 16ஐ நீட்டினேன். மேலோட்டமாகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“அரியர் இருக்கே தம்பி. பத்து இ போட்டாச்சா?”

எனக்கு அழுகை வராத குறை. வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு நிமிடம் ஆகவில்லை. கோடிக்கணக்கில் முதலீடு திரட்டி, செயற்கை நுண்ணறிவு என்று விளம்பரம் போட்டு, காகிதத் துணுக்கு தூவத் தெரிந்த ஒன்றுக்குத் தோன்றாத கேள்வி.

நாற்பது நிமிடத்தில் முடித்தார். முதலில் தளத்தில் 10இ. பிறகு பிரிவு 139(5)இன் கீழ் திருத்திய ரிட்டர்ன். அறிவிப்பு வந்துவிட்டாலும் கெடுவுக்குள் திருத்தலாமாம். ஓடிபிக்கு அக்காவைக் கூப்பிட்டேன். “யாருக்கும் சொல்லக் கூடாது” என்று ஆரம்பித்தாள். பெரியவரே போனை வாங்கி, “டீச்சரம்மா, நான் உங்ககிட்ட ஓடிபி கேக்கல. உங்க தம்பி கேக்குறாரு, நீங்க அவருகிட்டச் சொல்லுங்க” என்றார். சொல்லிவிட்டாள். 500 ரூபாய் வாங்கினார். ரசீது கேட்டேன். சிரித்தார், கொடுக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மென்பொருளே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். எதிர்வீட்டு ரயில்வேக்காரருக்கு அடுத்த வருடமும் நானே போடுவேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் நான் கேட்பது இவ்வளவுதான்: அரியர் உள்ளவர் என்று கண்டுபிடித்துக் காசு கேட்கிற அதே திரையில், காசுக்கு மேலே, 10இ பற்றி ஒரு வரி போடுங்கள். பிறகு, மனிதர் எடுக்கிற ஒரு போன் நம்பர். பாட்டு வேண்டாம்.

இதை எழுதுகிற 2025 டிசம்பர் மூன்றாம் வாரத்தில், அக்காவின் திருத்திய ரிட்டர்ன் ‘செயலாக்கத்தில்’ என்று தளம் காட்டுகிறது. முறுக்கு இன்னும் தண்ணீரில்தான். உங்கள் வீட்டிலும் அரியர் வாங்கிய டீச்சரோ, பென்ஷன்காரரோ இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: 10இ போட்டாச்சா? போடவில்லை என்றால் தளத்தில் இ-ஃபைல், வருமான வரிப் படிவங்கள் என்று உள்ளே போனால் இருக்கிறது. முதலில் அது, பிறகு திருத்திய ரிட்டர்ன். அதுவும் கெடுவுக்குள்; அக்காவின் ரிட்டர்னுக்கு அது 2025 டிசம்பர் 31.